மொசைக் தரையைப் பெயர்ப்பதா, பாலிஷ் போடுவதா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தரைத்தள வீட்டில் வசிக்கிறோம். வீடு முழுவதும் மொசைக். இப்போது நிறம் மங்கிவிட்டது. சமையலறைச் சுவரோரம் ஓதமும் தெரிகிறது. மாமியாருக்கு 76 வயது, மூட்டுவலி உண்டு. மகளுக்கு மழைக்காலத்தில் வீசிங் வருகிறது. மரம் போன்ற லேமினேட் தரை காலுக்கு இதமாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். என் கணவரோ பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ்தான் வேண்டும் என்கிறார். உடல்நலத்துக்கு எது நல்லது?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டுமே உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஓதம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதன்மேல் எதைப் போட்டாலும், போட்டதன் அடியில் ஈரம் அப்படியே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஓதம் தெரியும் இடத்தை உலரத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடிப்பக்கம் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் தரைக்குக் கீழிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றிலுள்ள ஈரம். சன்னலைத் திறந்து வைத்து மின்விசிறி போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடிப்பக்க ஈரமாக இருந்தால், முதலில் சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயையும் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயையும் பிளம்பரிடம் காட்டுங்கள். பழைய வீடுகளில் பல நேரம் குற்றவாளி நிலத்தடி நீராக இருக்காது, கசியும் குழாயாகத்தான் இருக்கும்.

லேமினேட் என்பது முழு மரமன்று. மரத்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகையின்மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருக்கும். அது சிறிது சிறிதாக அறைக்காற்றில் கலந்து கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இப்போது வெளியேற்றம் குறைந்த ஈ1, ஈ0 தரப் பலகைகள் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பலகையின் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் அது உப்பிக்கொள்ளும் என்பதை எந்தத் தர முத்திரையும் மாற்றிவிடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில், தரைத்தள வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வினைல் விரிப்பு தண்ணீருக்கு உப்பாது என்றாலும், ஓதத் தரையின்மேல் ஒட்டினால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். வீசிங் உள்ள குழந்தைக்கு அது நல்லதில்லை.

விட்ரிஃபைட் டைல்ஸில் வேதிப்பொருள் பற்றிய கவலை இல்லை. அது உறிஞ்சும் நீர் அரை சதவீதத்துக்கும் குறைவு. குறை வழுக்கலில்தான் இருக்கிறது. கடையில் விளக்கொளியில் மின்னுவதைப் பார்த்து முடிவுசெய்யாமல், ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் கணவரையே ஏறி நிற்கச் சொல்லுங்கள். 76 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மொசைக்கையே காப்பாற்றுங்கள். அது வெள்ளை சிமெண்டில் மார்பிள் சில்லுகள் பதித்த தரை. மங்கியிருப்பது மேற்பரப்பு மட்டுமே. நாணயத்தால் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை வரும் இடங்களை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, மற்றதை மெஷின் பாலிஷ் போட்டால் போதும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி பறக்காது, சேறாகத்தான் வழியும். அந்தச் சேற்றைக் கழிவுக்குழாயில் விடாமல் வாளியில் அள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் குழாயிலேயே இறுகிவிடும். கண்ணாடிபோல மின்னும்வரை தேய்க்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாறாக, தரையைப் பெயர்த்தால் எழும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் மகளை அந்த நாள்களில் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

குளியலறைக்கு மட்டும் புதிய டைல்ஸ் போடலாம். பளபளப்பில்லாத மேட் வகையில், வழுக்காத தன்மையைக் காட்டும் ஆர்10 அல்லது ஆர்11 என்று குறித்த, ஓரடிக்கு மிகாத அளவில் வாங்குங்கள். இணைப்புகள் கூடுவதால் பிடிமானமும் கூடும். வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதைக் கொத்தனார் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூட்டுவலிக்கு, பின்பட்டையும் ரப்பர் அடியும் உள்ள மென்மையான செருப்பை வீட்டுக்குள் அணிவதே போதும். மகளுக்காகக் கூடத்தில் கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தூசிப்பூச்சிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பெருக்குவதைக் குறைத்து ஈரத்துணியால் துடையுங்கள். ஆசிட் மட்டும் கூடாது. மார்பிளையும் சிமெண்டையும் அது அரித்துவிடும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: வளசரவாக்கத்தில் வீடு கட்டுகிறோம். ஆத்தங்குடி டைல்ஸ் வீடு முழுக்கப் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தாராளமாகப் போடலாம், சமையலறைக்கு வேண்டாம். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்புறம் சிமெண்டும் மணலும் நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. புளியும் எலுமிச்சையும் சிந்தினால் கறை நிற்கும். சாதாரண டைல்ஸைவிடத் தடிமன் அதிகம் என்பதால், கதவு நிலை வைக்கும் முன்பே தரை மட்டத்தைக் கொத்தனாரிடம் பேசிவிடுங்கள். பதித்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். அந்த எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போகும்வரை முதியவர்களை அந்த அறைக்குள் விடாதீர்கள்.