உறவினர் பணம்: பங்கா, கடனா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம், பிரைவேட் லிமிடெட். விரிவாக்கத்துக்கு 50 லட்சம் ரூபாய் தேவை. என் சித்தப்பாவும் இரண்டு டீலர்களும் தரத் தயார். கடனாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கைமாற்றில் வளர்ந்த தொழில்கள் கொங்கில் ஏராளம். ஆனால் கம்பெனிச் சட்டப்படி, வெளியாள் தரும் கடன் டெபாசிட்; அதை நினைத்தபடி வாங்க முடியாது. இயக்குநரும் அவருடைய உறவினரும், அது பிறரிடம் கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தரலாம். அந்த உறவினர் பட்டியலில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர் உண்டு. ஒரே இந்துக் கூட்டுக்குடும்பத்தில் இருந்தாலொழிய சித்தப்பா இல்லை. டீலர்கள் சரக்குக்கு முன்பணம் தரலாம்; 365 நாளுக்குள் சரக்கில் கழிய வேண்டும்.

மற்றபடி பங்குதான் நேர்வழி. அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தில், அதாவது நிறுவனம் வெளியிடக்கூடிய பங்குகளின் உச்சவரம்பில், இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பங்கின் முகமதிப்பு மட்டுமே அதில் சேரும், அதற்கு மேல் வாங்கும் பிரீமியம் சேராது. போதாவிட்டால் உயர்த்தி கம்பெனிப் பதிவாளரிடம் எஸ்ஹெச்-7 படிவம் தாக்கல் செய்யுங்கள். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம், அதை எம்ஜிடி-14 படிவத்தில் தாக்கல், அதன் பிறகே ஒவ்வொருவர் பெயருக்கும் பங்கு வாங்க அழைக்கும் பிஏஎஸ்-4 கடிதம்.

இந்த வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பணம் முதலில் நடப்புக் கணக்குக்கு வந்து மெஷினாகிவிடுகிறது. ஆடிட்டர் கேட்ட பிறகு காகிதம் தயாராகிறது. தனி வங்கிக் கணக்கு திறங்கள். முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வரட்டும், ரொக்கம் கூடாது. 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, அடுத்த 15 நாளுக்குள் ஒதுக்கீட்டு விவரப் படிவமான பிஏஎஸ்-3 தாக்கல் செய்யுங்கள். அதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. 60 நாளில் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தவறினால் 60ஆம் நாள் முடிவிலிருந்து 12% வட்டி. விதிமீறலுக்கு அபராதம் திரட்டிய தொகை வரையோ 2 கோடி ரூபாய் வரையோ, எது குறைவோ அதுவரை போகலாம்.

பங்குகளை டீமேட்டில்தான் (மின்னணு வடிவில்) வெளியிட வேண்டுமா என்பதையும் கம்பெனி செகரட்டரியிடம் முன்பே கேளுங்கள். சிறு நிறுவன வரம்பைத் தாண்டியிருந்தால் பங்குக்கான ஐஎஸ்ஐஎன் அடையாள எண் வாங்கவே நாளாகும்.

கேள்வி: பங்கின் நியாய மதிப்புக்கு மேல் வாங்கும் பிரீமியத்துக்கு விதித்த ஏஞ்சல் வரி இன்னும் உண்டா?

பதில்: 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் இல்லை. ஆனால் பணத்தின் மூலத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு இன்னும் உண்டு. ஒவ்வொருவரின் பான், வருமான வரி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களைப் பணம் வரும்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள். விளக்க முடியாத தொகை நிறுவனத்தின் வருமானமாகவே சேர்க்கப்படும்.