கல்லூரி மாணவர்களிடம் சூதாட்டப் பழக்கம் இருப்பதை எப்படி ஆய்வு செய்வது? தடுக்க என்ன வழி?

ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கேள்வித்தாளில்தான் தொடங்குவீர்கள். நான் அதில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராகவும் விடுதித் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். 2022 அக்டோபரில் ஆன்லைன் சூதாட்டத் தடைக்குத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த நேரம். விடுதியில் கணக்கெடுக்கச் சொன்னார்கள். பெயர், ரோல் நம்பர், 'நீ ஆன்லைனில் சூதாடுகிறாயா?' என்று ஒரு தாள். 120 பேரும் 'இல்லை' என்று எழுதினார்கள். கோப்பை மூடிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து, மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பையன் ஒருவனுக்கு மெஸ் கட்டணம் பாக்கி. லாரி ஓட்டும் அவன் அப்பாவிடம் பேசினால், 'மாசாமாசம் ஜிபேயில அனுப்புறேனே சார்' என்கிறார். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பெயர், பெயருக்கு நேரே 300, 500, 1000. சிலவற்றை அடித்துவிட்டு அதே பெயரைக் கீழே கூடுதல் தொகையோடு மறுபடி எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே 'வாட்ச்மேன் அண்ணன் 2000'. மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் மனிதர் அவர்.

'தாளில் இல்லை என்று எழுதினாயே?' என்றேன்.

'ரம்மி சூது இல்லையே சார், ஸ்கில் கேம்னுதானே போட்டிருக்கான். விட்டதைப் பிடிச்சதும் நிறுத்திடலாம்னு இருந்தேன்.'

அவன் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தோம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை என்று மத்திய அரசின் சட்டம் வந்தது 2025 ஆகஸ்டில்தான். அதற்குப் பிறகும் ஐபிஎல் பெட் வாட்ஸ்அப் குழுவில் நடக்கத்தான் செய்கிறது. அதைப் பையன்கள் 'சும்மா மேட்ச்' என்பார்கள்.

அதனால் 'சூது' என்ற சொல்லையே தாளில் போடாதீர்கள். 1997 முதல் புழக்கத்தில் உள்ள இரண்டே கேள்விகள் இருக்கின்றன: இன்னும் அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு வைத்து ஆடினாய் என்பதை உனக்கு முக்கியமானவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்ததா? விரிவாக வேண்டுமென்றால், சூதாட்டப் பாதிப்பு எவ்வளவு என்று அளக்கும் பிஜிஎஸ்ஐ (PGSI) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 9 கேள்விகள், 27க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைப்பட வேண்டிய நிலை. விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் போய் ஆடினாயா என்பதும் அதில் ஒரு கேள்வி.

மதிப்பெண்ணை வைத்து முத்திரை குத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் மனநல மருத்துவன் அல்ல. எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாள்.

பேச ஆள் வேண்டுமே! விடுதி முழுவதற்கும் நான் ஒருவன். அதற்குத் தனிப் படியும் கிடையாது. கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக ஆசிரியர்களை அனுப்புகிறார்கள், பிள்ளை கிடைக்காவிட்டால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அந்த அலைச்சலில் பாதி நேரத்தை விடுதிக்குக் கொடுத்திருந்தால் அந்த நோட்டு முன்பே கண்ணில் பட்டிருக்கும். கேள்விக்கு வெளியே போய்விட்டேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பையன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் சில மாதங்கள் போனான். கூட அவன் அப்பாவும் வந்தார், திட்டவில்லை. பணம் அப்பா கணக்கிலிருந்து நேராக மெஸ்ஸுக்கு வரும்படி மாற்றினோம். வாட்ச்மேனுக்கு மாதம் 500 வீதம் நான்கு மாதத்தில் அடைத்தான். யாராவது உடனே பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை.

உங்கள் தாளில் ரோல் நம்பர் கேட்காதீர்கள். போடும் பெட்டியை மெஸ் வாசலில் வையுங்கள், காப்பாளர் அறை வாசலில் வேண்டாம்.