வாசகர் கேள்வி: வான் கோவுக்கு குரு யாரு?

கேள்வி: வின்சென்ட் வான் கோ யார்கிட்டயும் படிக்காம தானாவே கத்துக்கிட்டாருங்கறாங்களே, நிஜமா? எனக்கு 30 வயசு, ஆயில் பெயின்டிங் பண்ண ஆசை, சொல்லித்தர ஆள் இல்ல.

பதில்: முக்கால்வாசி நிஜம்தாங்க. ஹேக் ஊர்ல அவரோட சொந்தக்கார ஓவியர் அன்டோன் மாவ் கொஞ்ச நாள் சொல்லிக்குடுத்தாரு, அப்புறம் ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம். 1886ல ஆன்ட்வெர்ப் ஓவிய அகாடமி, பாரிஸ்ல ஓவியர் கொர்மோன் சொல்லிக்குடுத்த ஸ்டூடியோ, ரெண்டுலயும் சில மாசம்கூட ஒழுங்கா தாண்டல.

ஆனா 'தானா'ன்னா சும்மா வந்துடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. ஓவியர் ஆகணும்னு 1880ல முடிவு பண்ணப்பவே அவருக்கு 27 வயசு. பெல்ஜியத்துல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க நடுவுல மதபோதகரா இருந்து அந்த வேலையும் போயி, அங்கயே உக்காந்து பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்க்கோட கரித்துண்டு பயிற்சித் தாள் 60ஐயும் திரும்பத் திரும்ப பார்த்து வரைஞ்சாரு. 1882ல மரச்சட்டம் ஒண்ணு செய்யச் சொல்லி அதுல நூல் இழுத்துக் கட்டி, கடற்கரை மணல்ல ரெண்டு கம்பு ஊனி மாட்டி, ஜன்னல்ல பாக்கற மாதிரி அது வழியா பாத்து தூரம் கிட்டம் பழகினாரு. அவரோட சிவப்பு அரக்குப் பெட்டி ஒண்ணு ஆம்ஸ்டர்டாம் மியூசியத்துல இருக்கு, உள்ள கம்பளி நூல் உருண்டைங்க, எந்தக் கலர் பக்கத்துல எது நின்னா எடுப்பா இருக்கும்னு நூலை முறுக்கி முறுக்கிப் பாத்திருக்காரு. எனக்கு அவரோட எந்த ஓவியத்தையும் விட இந்தப் பெட்டிதான் அடிக்கடி ஞாபகம் வரும்.

'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' 1885ல வரைஞ்சது. அதுக்கு முன்னாடி குளிர்காலம் முழுக்க நூனன் கிராமத்து குடியானவங்க முகத்தையே டஜன் கணக்குல வரைஞ்சு தள்ளினாரு. அந்த ஓவியத்துல முகமெல்லாம் முடிஞ்சப்புறம் கலர் சரியில்லன்னு தோணி, தோல் உரிக்காத, மண்ணு ஒட்டின உருளைக்கிழங்கு நிறத்துல எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சாரு! தம்பி தியோ மாசாமாசம் பணம் அனுப்பலன்னா பெயின்ட்டுக்கே வழி இருந்திருக்காது, அதையும் மறக்கக்கூடாது.

அதனால 30 ஒண்ணும் லேட் இல்லம்மா. கரித்துண்டும் பேப்பரும் வாங்கி நாளைக்கே ஆரம்பிங்க, ஆயில் பின்னாடி வரட்டும். 1890 ஜூன்ல, சாகறதுக்கு சில வாரம் முன்னாடி, 'நட்சத்திர இரவு' எல்லாம் வரைஞ்சு முடிச்ச அந்த மனுஷன், பிரான்ஸ்ல ஓவெர்ங்கற ஊர்லேர்ந்து தம்பிக்கு லெட்டர் போட்டு கேக்கறாரு, அந்த 60 பயிற்சித் தாளை அனுப்பு, மறுபடி வரையணும்னு.