நூல்களுக்குச் சுங்க வரி: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

சுங்க முகவர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, தற்போது மதுரையில் வசிக்கும் மூத்த உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கேள்வி (கல்லூரி நூலகர், மேலூர்): யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைக்கும் ஆய்வு நூல்களுக்கு வரி கேட்கிறார்கள். புளோரன்ஸ் உடன்படிக்கை இதைத் தடுக்காதா?

பதில்: யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டுப் பொதுமாநாட்டில் உருவாகி, 1952 மே 21 முதல் நடைமுறையில் உள்ள அவ்வுடன்படிக்கை, நூல்கள், கலைப்பொருள்கள், ஒலி ஒளிப் பதிவுகள், அறிவியல் கருவிகள், பார்வையற்றோருக்கான பொருள்கள் ஆகிய ஐந்து வகைகளுக்கும் இறக்குமதி வரி கூடாது என்கிறது. ஆனால் அதை ஏற்ற நாடுகளையே அது கட்டுப்படுத்தும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை ஏற்றவை. நம் நாடு அதை ஏற்கவில்லை; இங்கு, உள்நாட்டுப் பதிப்பையும் அச்சுத் தொழிலையும் ஊக்குவிக்க என்று சொல்லி 2019 நிதிநிலை அறிக்கையில் இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரி விதித்தார்கள். யாழ்ப்பாணத்தில் மட்டுமே அச்சாகும் நூலுக்கு வரி போடுவதால் சிவகாசி அச்சகத்துக்கு என்ன வேலை கூடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி (மாணவி, திருமங்கலம்): உடன்படிக்கையில் கையொப்பமிடுவதும், அதற்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி அளிக்கும் ஏற்புறுதியும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கையொப்பம் பொதுவாக, சேரும் எண்ணத்தை மட்டுமே காட்டும். ஏற்புறுதி ஆவணத்தை ஒப்படைத்த பிறகே நாடு கட்டுப்படும்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): பண்பாட்டுப் பொருள்களின் "தடையற்ற போக்குவரத்து" என்று சொல்லிச் சிலைகளைக் கடத்திவிட மாட்டார்களா?

பதில்: இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. புளோரன்ஸ் உடன்படிக்கையின் கலைப்பொருள் பட்டியலில் நூறு ஆண்டுகளைக் கடந்த பழம்பொருள்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அதே நூறு ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது, ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டே போதும். எனினும், உடன்படிக்கை இறக்குமதி வரியை நீக்குகிறதே தவிர, ஏற்றுமதித் தடையை நீக்குவதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை சென்று 2014இல் திரும்பியதற்குக் காரணம் பொய்யான உடைமைச் சான்றுகள்; வரி விலக்கு அன்று. ஆகவே, களவுப் பண்பாட்டுப் பொருள்களைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் சேர்த்தே ஏற்குமாறு நாடுகளைக் கேட்க வேண்டும். இந்தியா அதை 1977இலேயே ஏற்றுவிட்டது.

கேள்வி (ஆசிரியர், உசிலம்பட்டி): இத்தகைய உடன்படிக்கைகளை நாடுகள் ஏற்கச் செய்வதில் நம்மைப் போன்றோருக்கு என்ன பங்கு?

பதில்: பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றிய அரசின் அதிகாரம் என்பதால், மாநில அமைச்சருக்கு மனு எழுதிப் பயனில்லை, மக்களவை உறுப்பினர் வழியாகத்தான் கேட்க வேண்டும். 2013இல் உருவான மராக்கெஷ் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்கள் எல்லை கடந்து செல்வதற்கான அந்த உடன்படிக்கைக்குப் பார்வையற்றோர் அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் வாதாடின; 2014இல் முதல் நாடாக இந்தியா ஏற்றது; இருபது நாடுகள் சேர்ந்ததும் 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. பண்பாட்டின் பெருமையைப் பொதுவாகப் பேசும் மனுவைவிட, இன்ன நூலுக்கு இவ்வளவு வரி, இத்தனை நாள் தாமதம் என்று காட்டும் மனுவே அதிகாரிகளை அசைக்கும். மேலூர் நூலகர் வரி கட்டிய சீட்டுகளைத் தேதி வாரியாகத் தொகுத்து அனுப்பினால், மனுவை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.