படம் வரையும் பிள்ளையின் அம்மாவுக்கு

அம்மா, போன வாரம் நீங்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "டீச்சர், இவன் படம் வரைஞ்சே பிழைச்சுக்குவானா?" என்று கேட்டீர்கள். மகன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி பட்டர்வொர்த் பிள்ளை. அப்பாவுக்குப் பிறை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. தமிழ்ப்பள்ளியில் தீபாவளி வாழ்த்து அட்டைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் வீட்டார் சொன்னபடி அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்தபோது கூடுதல் கணிதம் போய்விட்டது. அப்பா அன்று யாரோடும் பேசவில்லை. கணக்கியல் டிப்ளோமாவுக்கு ஏற்கெனவே விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருந்தார்.

அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டியதெல்லாம் ஜப்பானியக் கார்ட்டூன் முகங்கள். பெரிய கண், பறக்கிற முடி. எனக்கு நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் எனக்கு ஓவியம் தெரியாதே. தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் நான்கைந்து தாள்களைப் புரட்டிவிட்டு, "ஏன்மா, எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு படத்தில்கூட கை இல்லை. வரைய வராததால் மறைத்திருந்தாள். "ஆறு மாதம் கை மட்டும் வரை. ஆளைப் பார்த்து வரை, ஃபோனைப் பார்த்து வரையாதே" என்று சொல்லி அனுப்பினார்.

அப்போது சனி, ஞாயிறுகளில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தாள். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவில் பழைய ஃபெரிகள் ஓடிய காலம். தீவுக்குப் போகும்போது மட்டும் 1 வெள்ளி 20 காசு, திரும்பி வர டிக்கெட் கிடையாது. கடலைக் கடந்து ஜெட்டி சேர்வதற்குள் ஒரு கையை வரைந்து முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே வைத்துக்கொண்டாள். சட்டைப்பைக்குள் அடங்குமே, அந்த 555 நோட்டில்தான் வரைவாள். நான் அதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். மீன் பை தூக்கிய பாட்டியின் விரல், அதில் சதைக்குள் புதைந்துபோன மோதிரம். மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் கை. கடைசிப் பக்கங்களில் நகம் உடைந்த ஒரு பெருவிரல் திரும்பத் திரும்ப வந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கும் அப்பாவின் கை அது. ஒரு நாள் அவரே அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இது என் கைதானே?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு கணக்கியல் பாரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஆறாம் படிவம் போனாள், ஒன்றரை வருடம். செலவு அதிகமில்லாத வழி அது. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இல் காட்சிக்கலையும் ஒரு பாடமாக எடுத்து, பினாங்கில் உள்ள யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவுக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் அவள் சட்டம் போட்டுக் கொண்டுபோன ஓவியங்களைவிட அந்த 555 நோட்டுகளைத்தான் அதிக நேரம் புரட்டினார்களாம். படித்து முடித்ததும் சைபர்ஜெயாவில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் பின்னணிக் காட்சி வரையும் வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் எல்லாம் சுகம் என்று சொன்னால் உங்களிடம் பொய் சொன்னவள் ஆவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன அவள் சித்தி மகன் முதல் இரண்டு வருடம் அவளைவிட அதிகம் சம்பாதித்தான். ஒரு தொடர் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. ஐந்து மாதம் கல்யாண அட்டை, கடைப் பெயர்ப்பலகை என்று கிடைத்ததைச் செய்தாள். இப்போது கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் பின்னணிக் குழுவை நடத்துகிறாள். நான்கு பேருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாள்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அவன் ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான். பஹாசா மலேசியாவும் சரித்திரமும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கையில் வராது. ஓவியம்தானே என்று அந்த இரண்டையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ளோமாவுக்குப் பொதுவாக மூன்று பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி, பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷனுக்கு ஐந்து பாடங்களில் கேட்பார்கள். அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஜொகூர் பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படிப்பே உண்டு. அரசாங்க வழியை முதலில் பாருங்கள், தனியார் கல்லூரியை அப்புறம் பார்க்கலாம்.

தனியார் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பின் பெயரை, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் போதாது, அந்தப் படிப்புக்கு இருக்க வேண்டும். ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிய பிறகு என்னிடம் வந்தது. படிப்புக்கு அங்கீகாரம் இல்லாததால் அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்கவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. அந்தப் பெண் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கும் வேண்டும், அதை இப்போதே திறந்துவிடுங்கள்.

வரைவது என்றால் கார்ட்டூன் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். விளையாட்டுச் செயலி, விளம்பரம், பொருள்களின் அட்டைப்பெட்டி, கைபேசித் திரையின் வடிவமைப்பு எல்லாவற்றிலும் வரைகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. எழுத்தை வடிவமைப்பதும் அதில் ஒன்று. கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர். அவர் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. இதை மகனிடம் சொல்லுங்கள், அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

அவனுக்குத் திறமை இருக்கிறதா என்று என்னைக் கேட்டீர்கள். நான் கேட்பது வேறு. யாரும் சொல்லாமல் அவன் வாரத்தில் எத்தனை நாள் வரைகிறான்? சரியாக வராத ஒன்றைத் திரும்ப வரைகிறானா, இல்லை மறைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறானா? இது அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள். பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் வாருங்கள், அன்று யாரையும் காத்திருக்க வைக்க மாட்டேன். அவன் நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கசக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருப்பான் பாருங்கள், அந்தத் தாள்களையும் சேர்த்து.