நடுவில் நிற்பவள் எவ்வளவு எடுத்தாள்? – டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதியவை. குன்னூரில் மூன்று நாளாக மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் கையால்தான் எழுதி அனுப்புகிறேன். பிழை இருந்தால் அச்சிடுகிறவர்களைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள். முப்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியபோது எல்லாரும் ‘மேடம்’ என்றார்கள். இந்தப் பக்கத்துக்கு வந்தபின் எப்படியோ ‘டீச்சர்’ ஆகிவிட்டேன். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

டீச்சர், பி.எஸ்சி. புள்ளியியல் முதலாமாண்டு படிக்கிறேன். சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள். சூத்திரம் தெரியும். எதற்கு மூன்று என்றுதான் புரியவில்லை.
– மாணவி, கூடலூர்

கூடலூர் என்றால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது தேயிலைக் கொழுந்து எடுத்திருப்பார்கள். அதனால் தராசடியிலேயே தொடங்கலாம் கண்ணு.

1964-ல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தார். சாயங்காலம் எடை போடும்போது நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்பது பேர் எடுத்த இலை ஒரு நாள் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 18, 21, 22, 22, 24, 25, 26, 27, 58 கிலோ. அந்த 58 எப்படி வந்தது? அந்த அக்கா பேரில் அவர் வீட்டுக்காரரும், பள்ளிக்கூடம் லீவில் இருந்த மகனும் சேர்ந்து எடுத்தார்கள். அவ்வளவுதான்.

மொத்தம் 243. ஒன்பதால் வகுத்தால் 27. மேஸ்திரி நோட்டைப் பார்த்துவிட்டு, “சராசரி இருபத்தேழு வருது. நீங்கள்லாம் தூங்குறீங்களா?” என்பார். வரிசையை ஒரு தடவை பாருங்கள். ஏழு பேர் 27-க்குக் கீழே, ஒருத்தி சரியாக 27, அதைத் தாண்டியவள் ஒரே ஒருத்தி. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் அவர் திருப்பிக் கேட்பார்: “நடுவுல நிக்கிறவ எவ்வளவு எடுத்தா, அதச் சொல்லுங்க.” எடைப்படி வரிசையாக நிறுத்தினால் ஐந்தாவதாக நிற்பவள் எடுத்தது 24. அதுதான் இடைநிலை. அம்மாவுக்கு அதன் பெயர்தான் தெரியாது. அந்த 58-ஐ அடித்துவிட்டு 100 என்று எழுதிப் பாருங்கள். சராசரி கிட்டத்தட்ட 32-க்கு ஏறிவிடும். இடைநிலை 24-ஐ விட்டு நகராது.

அதற்காக மேஸ்திரி சொன்ன எண் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஃபேக்டரிக்கு யார் எடுத்தார்கள் என்ற கவலை கிடையாது. நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும், லாரியில் மொத்தம் எவ்வளவு வருகிறது, அதுதான் கணக்கு. 27-ஐ ஒன்பதால் பெருக்கினால் மொத்த எடை திரும்பக் கிடைத்துவிடும். 24-ஐப் பெருக்கினால் 216-தான் வரும், 27 கிலோவைக் காணோம். ஆக லாரிக்குச் சராசரி பொருந்துகிறது. ஒரு சாதாரண ஆள் ஒரு நாளில் எவ்வளவு எடுக்க முடியும் என்று கேட்டால் இடைநிலைதான். மேஸ்திரி செய்த தப்பு, லாரிக்கான பதிலைக் கொண்டுவந்து ஆள்களின் தலையில் வைத்தது.

முகடு? இந்த வரிசையில் 22 இரண்டு தடவை வருவதால் அதுதான் முகடு, ஆனால் ஒன்பது எண்ணில் அதற்குப் பெரிய மரியாதை இல்லை. அதன் அருமை ஊட்டியில் ஸ்வெட்டர் விற்பவர்களுக்குத்தான் தெரியும். வாங்குகிறவர்களின் சராசரி மார்பளவு 37.6 அங்குலம் என்று நீங்கள் போய்ச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எந்த சைஸ் அதிகம் போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

இன்னொன்று. வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும் எண்ணைக் கண்டதும் நீக்கிவிடு என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதே சுமார் 140 சென்டிமீட்டர். அந்த ஒரு நாள் அந்த மாதத்தின் தினசரிச் சராசரியைத் தனியாகவே இரண்டரை சென்டிமீட்டர் தூக்கிவிடும். சராசரியைக் கெடுக்கிறது என்று அதை நீக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து ஒருவர் பாலம் கட்டினால் நான் அந்தப் பாலத்தில் கால் வைக்க மாட்டேன்.

ஊட்டியில் டீக்கடை வைத்திருக்கிறேன். பாக்கெட் பாலா, கறந்த பாலா என்று ஒரு வாய் குடித்ததும் சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு வாடிக்கையாளர். நாலு நாள் கேட்டேன், நாலு நாளும் சரி. காலேஜில் படிக்கும் என் மகள், “பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் நம்பணும்ப்பா” என்கிறாள். அது என்ன 0.05?
– டீக்கடைக்காரர், ஊட்டி

அண்ணா, இந்தப் பாடத்தை விளக்க உலகம் முழுக்கச் சொல்லும் கதையே டீக்கதைதான். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வேலை பார்த்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். நம் கடைகளில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கிளாஸை ஆற்றப் போயிருப்போம். ஃபிஷர் அதை ஒரு சோதனையாக்கிவிட்டார். 1935-ல் வந்த தன் புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

சோதனை இதுதான். எட்டுக் கோப்பை. நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். கலைத்து வைத்துவிட்டு, பால் முதலில் ஊற்றிய நாலைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நாலைப் பொறுக்க 70 வழி உண்டு. அவற்றில் ஒன்றுதான் முழுக்கச் சரி. ஒன்றுமே தெரியாத ஆள் குருட்டாம்போக்கில் பொறுக்கினால் நாலும் சரியாக அமைய 70-ல் 1 வாய்ப்பு, அதாவது 0.014. மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? அதற்கு 16 வழி, முழுக்கச் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. பதினேழை எழுபதால் வகுத்தால் 0.24. நாலு பேர் குருட்டாம்போக்கில் பொறுக்கினால் அவர்களில் ஒருவர் அந்த அளவுக்காவது சரியாகச் சொல்லிவிடக்கூடும். அதனால் ‘நாலில் மூன்று சரி’ என்று யாராவது பெருமை பேசினால் மயங்காதீர்கள்.

உங்கள் ஆளுக்கு வருவோம். தினமும் இரண்டில் ஒன்று, நாலு நாள். ஒன்றும் தெரியாதவர் நாலும் சரியாகச் சொல்ல 16-ல் 1, அதாவது 0.0625. மகளின் கணக்குப்படி மயிரிழையில் தோற்றுவிட்டார். ஐந்தாவது நாளும் சரியாகச் சொல்லியிருந்தால் 32-ல் 1, 0.031, ஜெயித்திருப்பார். நாலாம் நாள் வரை டூப் அடித்தவர் ஐந்தாம் நாள் காலையில் மேதையாகிவிட்டாரா? அப்படி இல்லை. இருபதில் ஒன்று, அதாவது 0.05, என்ற அந்தக் கோடு, ஃபிஷர் 1925-லேயே வசதிக்காகச் சொன்னது. பிறகு வந்தவர்கள்தான் அதைக் கல்வெட்டாக்கிவிட்டார்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள், ஏனென்றால் தேர்வில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். 0.0625 என்றால் ‘அவர் டூப் அடிக்க ஆறு சதவீத வாய்ப்பு’ என்று பொருள் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அப்படி வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிடவோ சரியாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண், மகள் சொல்லும் பி மதிப்பு. அந்த வைத்துக்கொள்ளலுக்குப் பெயர் நல் ஹைபாதிஸிஸ் (null hypothesis). தமிழில் எழுதினால் ‘நல்’ என்பதை நல்லது என்று படித்துவிடுகிறார்கள். ஒரு மாணவன் விடைத்தாளில் ‘நன்மைக் கருதுகோள்’ என்றே எழுதியிருந்தான். இது வெறுமை என்ற பொருளில் வரும் ‘நல்’.

உண்மையில் எனக்கு உங்கள் எண்ணைவிட உங்கள் முகத்தின் மேல்தான் சந்தேகம். எந்தப் பால் என்று தெரிந்த நீங்களேதானே கையில் கொடுத்தீர்கள்? அவர் கிளாஸைப் பார்த்தாரா, உங்களைப் பார்த்தாரா? கடை வாசலில் பால்காரர் கேனைப் பார்த்துவிட்டு வந்தாரா? கறந்த பாலில் ஆடை மிதந்ததா? இப்படிச் செய்து பாருங்கள். மகள் உள்ளே எட்டு அரைக் கிளாஸ் போடட்டும். நாலு அந்தப் பால், நாலு இந்தப் பால். ஒரே டிகாக்‌ஷன், ஒரே சர்க்கரை, ஒரே சூடு, வடிகட்டி ஆடை நீக்கியது. எந்த வரிசையில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யட்டும். நீங்கள் எது எதுவென்று தெரியாமல் கொண்டுபோய் வையுங்கள். ஊட்டிக் குளிரில் ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். அந்த எட்டு டீக்குக் காசு வாங்காதீர்கள், ஆராய்ச்சிச் செலவு. முடிவைக் கட்டாயம் எழுதுங்கள்.

மலை ரயில் ஏறும்போது மணிக்கு 10 கி.மீ., இறங்கும்போது 15 கி.மீ. என்றால் சராசரி வேகம் 12.5 என்று என் பையன் எழுதினான். மார்க் போடவில்லை. ஏன்?
– ஒரு தகப்பனார், மேட்டுப்பாளையம்

விடை 12. ஊட்டி வரை 46 கி.மீ. ஏறுவதற்கு 4.6 மணி நேரம், இறங்குவதற்கு ஏறக்குறைய 3.07 மணி நேரம். மொத்தம் 92 கி.மீ.-ஐ 7.67-ஆல் வகுங்கள். மெதுவாகப் போகும் வேகத்தில் ரயில் அதிக நேரம் கிடக்கிறது, அதனால் அதற்குத்தான் செல்வாக்கு அதிகம். புத்தகத்தில் இசைச் சராசரி என்று இருக்கும். 12.5 என்ற எண்ணுக்கு அந்தப் பாதையில் வேறு வேலை உண்டு: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரம் பிடித்து ஏறும் பகுதியில், ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. பையனுக்கு இதைச் சொல்லுங்கள், மார்க் போன துக்கம் கொஞ்சம் ஆறும்.

சிறு தேயிலை விவசாயி நான். என் மகன் இலைக் கணக்குக்குப் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று வருகிறது. கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியாதா?
– கோத்தகிரி

கூட்டல் தெரியும். பத்தில் ஒன்று என்ற எண்ணைத்தான் அதனால் முழுதாகச் சொல்ல முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று எங்கோ வெட்டி நிறுத்துகிறோம் அல்லவா, அதே அவஸ்தை.

நம் தாத்தாக்கள் படித்த பழைய பின்ன வாய்ப்பாட்டை நினைத்துப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி: 1/2, 1/4, 1/8, 1/16. கம்ப்யூட்டருக்கு இந்த வம்சம் மட்டும்தான் தெரியும், எல்லாப் பின்னத்தையும் பாதி பாதியாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்தே செய்கிறது. அதே வாய்ப்பாட்டில் ‘மா’ என்று ஒன்று உண்டு, 1/20. இருமா என்றால் 1/10. தாத்தாவுக்கு இருமா தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். இரும எண்ணில் 0011, 0011 என்று முடிவே இல்லாமல் வரும். ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும், அங்கே மிஞ்சியதுதான் உங்கள் திரையில் கடைசியில் தொங்கும் 4. நம்பிக்கை இல்லாவிட்டால் 0.25 + 0.5 கொடுத்துப் பாருங்கள், காலும் அரையும் முக்கால், சுத்தமாக 0.75 வரும்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியில் தஹ்ரான் நகரில், வந்த ஏவுகணையை அமெரிக்கப் பேட்ரியட் தற்காப்பு அமைப்பு தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடி வீதம் எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டில், அதாவது 24 இரும இலக்கத்தில், வெட்டி வைத்திருந்தார்கள். நூறு மணி நேரம் நிற்காமல் ஓடியதில் அந்தத் துணுக்கு சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு நொடியாகிவிட்டது.

மகனிடம் இலை எடையைக் கிராமில், முழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள். 100 + 200 எப்போதும் 300-தான். பணத்தைப் பைசாவில் வைக்கட்டும். ஃபேக்டரிக்காரர் பட்டுவாடா செய்யும்போது மட்டும் ரூபாயாக மாற்றினால் போதும்.

பைத்தானில் பட்டியலின் முதல் உறுப்புக்கு ஏன் 0 என்று எண் கொடுக்கிறார்கள்? ஒன்று என்றால் என்ன குறைந்துவிடும்?
– பாலிடெக்னிக் மாணவர், குன்னூர்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய போர்டு. அது எத்தனையாவது என்ற கணக்கு, ஒன்றில்தான் தொடங்கும். ஆனால் சாலையோரக் கிலோமீட்டர் கல் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்கிறது, அது பூஜ்யத்தில் தொடங்குகிறது. பைத்தான் தருவது கிலோமீட்டர் கல். நினைவகத்தில் பட்டியல் தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை இடம் தள்ளிப் போக வேண்டும் என்பதுதான் அந்த எண். முதல் ஆள் தொடக்கத்திலேயே இருப்பதால் தள்ளிப் போக வேண்டியது 0. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1982-ல் பூஜ்யத்தின் பக்கம் நின்று ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார். எல்லா மொழியும் இப்படி இல்லை. புள்ளியியல்காரர்கள் பயன்படுத்தும் ஆர் மொழி ஒன்றில் தொடங்கும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் வைக்கிறார்கள், உங்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு.

நானும் அடிபட்டவள்தான். வருஷம் முழுக்க ஆரில் பழகிவிட்டு, மதிப்பெண் பட்டியலைப் பைத்தானில் எழுதியபோது 1-லிருந்து எண்ண வைத்துவிட்டேன். வகுப்பில் 42 பேர், நோட்டீஸ் போர்டில் 41 பேரின் மதிப்பெண். வருகைப் பதிவில் எப்போதும் முதல் பெயராக இருக்கும் பையன் மறுநாள் காலை, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், அறை வாசலில் வந்து நின்றான். “மேடம், நான் பரீட்சையே எழுதலையா?”