கேப் இயரில் இந்தியா வரும் வெளிநாட்டு மாணவி எங்கள் வீட்டில் தங்கப் போகிறாள். முதல் சில நாட்களுக்கு எப்படித் தயாராவது?

கேள்வியில் விவரமாகவே எழுதியிருக்கிறீர்கள். பள்ளி முடித்த 18 வயதுப் பெண், கல்லூரிக்கு முன் ஒரு வருடம் இடைவெளி எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து வருகிறாள், ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக ஆறு மாதம் உங்கள் வீட்டில் இருப்பாள். கடைசியில் "கட்டில், மெத்தை, ஏசி வாங்கியாச்சு, வேறு என்ன வாங்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் வாங்கினேன். கார்ன்ஃப்ளேக்ஸ், டாய்லெட் பேப்பர், முள்கரண்டி எல்லாம் வாங்கினேன். வாங்க வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள். அதை ஆறாம் நாள்தான் வாங்கினேன்.

நாங்கள் மதுரை திருநகர். 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். அவர்களுடைய பள்ளி இறுதித் தேர்வுக்கு அபிட்டூர் என்று பெயராம். அதை முடித்த கையோடு கிளம்பிவிட்டாள். 'வெல்ட்வெர்ட்ஸ்' என்று ஒரு திட்டம். ஜெர்மன் அரசு 2008இல் ஆரம்பித்தது. 18 வயதிலிருந்து 28 வயது வரை உள்ளவர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு வேலைக்கு அனுப்புவார்கள், செலவில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் யூரோவாக வாங்கிக் குவித்தோம் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. சாப்பாட்டுக்கென்று நிறுவனம் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்தது. அது பாலுக்கும் கேஸுக்கும் சரியாகப் போயிற்று. கமோடு வைத்தது எங்கள் கைக்காசில்.

சென்னையில் நள்ளிரவில் இறங்கியவளை நிறுவனத்தார் ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றி, துணைக்குத் தங்கள் ஆள் ஒரு பெண்ணையும் அனுப்பினார்கள். விடியற்காலையில் மதுரை ஜங்ஷனுக்கு நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். நான், கணவர், மகன், மாமியார், நாத்தனார், அவர் வீட்டுக்காரர், இரண்டு வாண்டுகள். அவள் ஆளை மறைக்கிற மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். மாமியார் மல்லிகைச் சரத்தோடு காத்திருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தலைமுடி ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது. பூவை எங்கே செருகுவது? மாமியார் விடவில்லை. தன் கொண்டையிலிருந்து இரண்டு ஹேர்பின்னை உருவி, காதுக்கு மேலே நாலு முடியைப் பிடித்து மாட்டிவிட்டார். சரம் கோயில் மணி மாதிரி காதோரம் ஆடியது. எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். மறுநாள் காலையிலும் அந்தப் பூ அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, பழுப்பேறி, வாடி. ஏன் எடுக்கவில்லை என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். எடுக்கலாமா என்று தெரியவில்லை என்றாள். அதோடேயே தூங்கியிருக்கிறாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சாப்பாட்டில் நடந்ததும் இதே கதைதான். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது அவர்கள் வீட்டு மரியாதை. காலித் தட்டைப் பார்த்தால் நிரப்புவது நம் வீட்டு மரியாதை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? இட்லி, பொங்கல், வடை, மத்தியானம் கோழிக்குழம்பு, நாலு மணிக்குப் பஜ்ஜி, ராத்திரி முட்டைத் தோசை. வேண்டாம் என்று தலையைத்தான் ஆட்டினாள். என் மாமியாருக்கு எந்தத் தலையாட்டலும் சம்மதம்தான். "இந்தா தாயி, இன்னும் ஒண்ணே ஒண்ணு." இரண்டாம் நாள் ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது.

"வீட்டுத் தண்ணி ஒத்துக்கல", "உங்க வீட்டுல காரம் ஜாஸ்தி" என்று ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். தண்ணீரில் குறை சொல்ல முடியாது. கேன் தண்ணீரையே காய்ச்சித்தான் கொடுத்தேன். புது ஊர், புது எண்ணெய், அதற்கு மேல் எங்கள் உபசாரம். மெடிக்கலில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி இப்போதே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டா, ஒரு டம்ளருக்கான சின்னப் பாக்கெட்டா என்று பார்த்துக் கலக்குங்கள். அவசரத்துக்கு இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். காய்ச்சலோ, பேதியில் ரத்தமோ இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் வணக்கம், நன்றி எல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம். வந்து இறங்கியதும் 'போதும்' என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுங்கள். தட்டுக்கு மேல் கையை நீட்டி மறைத்துக்கொண்டு சொல்லப் பழக்குங்கள். அவள் சொன்னால் வைக்காதீர்கள். இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

மூன்றாம் நாள் படுத்தே கிடந்தாள். நாலாம் நாள் எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது என் மகனுடைய அறை. அவன் ஹாலுக்கு மாறியிருந்தான். நம் வீடுகளில் பகலில் கதவைச் சாத்தினால் ஒன்று உடம்பு முடியவில்லை, இல்லை கோபம். உடம்பு சரியாகிவிட்டது, அப்படியானால் கோபம்தானே? மாமியார் அரை மணிக்கு ஒருதரம் கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒருதரம் மோர், ஒருதரம் கொய்யாப்பழம், ஒருதரம் எதுவும் இல்லாமல் சும்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'அக்கா'வைப் பார்க்க வந்தார்கள், உள்ளே அனுப்பினேன். நாத்தனார் மாலையில் வந்தார், அவரையும் அனுப்பினேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் பிள்ளை தனியாகக் கிடந்து ஏங்கிவிடக் கூடாதே என்றுதான். பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு அறையில் ஆளைக் காணோம்.

செருப்பும் இல்லை. கணவர் பைக்கை எடுத்தார், மகன் சைக்கிளை. திருப்பரங்குன்றம் ரோடு வரைக்கும் தேடினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சொல்வதா வேண்டாமா, போலீசுக்குச் சொன்னால் என்ன கேட்பார்கள், ஜெர்மனியில் இருக்கும் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அரை மணி நேரம் கழித்து மகன் போன் செய்தான். மூன்றாவது ஸ்டாப் டீக்கடையில் நிற்கிறாளாம். பத்துப் பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் கண்ணாடி டம்ளரைத் துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், டீ குடித்துக்கொண்டிருக்கிறாளாம். கணவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. டீ மாஸ்டரைப் பிடித்துக் கத்திவிட்டு வந்தார். பாவம், அந்த மனுஷன் டீ போட்டதைத் தவிர வேறென்ன செய்தார்?

இத்தனைக்கும் சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பிரிட்ஜ் கதவில். 'நடக்கப் போகிறேன், ஏழு மணிக்கு வருவேன்' என்று ஆங்கிலத்தில். பிரிட்ஜ் கதவைப் படிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது?

வந்ததும் கேட்டேன், ஏன் தாயி இப்படிச் செய்தாய் என்று. மகன் மொழிபெயர்த்தான். எல்லோரும் ரொம்ப அன்பாக இருக்கிறீர்கள், ஆனால் வீட்டில் ஐந்து நிமிடம் தனியாக இருக்க முடியவில்லை, அதனால்தான் வெளியே போனேன் என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். தனியாக இருப்பதற்காக ஒரு பிள்ளை ரோட்டோர டீக்கடைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது! எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபமும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. இவ்வளவு செய்தும் இப்படியா என்று அன்று மத்தியானம் வரை அவளோடு சரியாகப் பேசவில்லை. சாயங்காலம்தான் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கினேன்.

"வெள்ளைத்தோலைப் பார்த்ததும் பல்லிளித்த கதை" என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள், எனக்குத் தெரியும். கொஞ்சம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். பீகாரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து தங்கியிருந்தால் எட்டுப் பேர் ஸ்டேஷனுக்குப் போயிருப்போமா? போயிருக்க மாட்டோம். ஆனால் தட்டை நிரப்பியிருப்போம், கதவையும் தட்டியிருப்போம். அது தோலைப் பார்த்து வருகிற பழக்கம் இல்லை. "பெண் பிள்ளையைத் தனியாக வெளியே விடலாமா" என்றும் கேட்பார்கள். ஏழு மாதம் இருந்தாள், தினமும் காலையில் நடந்தாள், டீ மாஸ்டரே பிறகு கண் வைத்துக்கொண்டார். நான் பயந்தது தெரு நாய்க்குத்தான். இதை மட்டும் வந்த அன்றே சொல்லிவிடுங்கள்: நாய் கடித்தாலும் சரி, லேசாகப் பல் பட்டாலும் சரி, நகம் கீறினாலும் சரி, மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் இங்கேயும் மறுபடி போட வேண்டும்.

தாழ்ப்பாள் என்றதும் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தக் கதவில் முதலில் தாழ்ப்பாள் இருந்தது. மகன் பிளஸ் டூ படிக்கும்போது உள்ளே போன் பார்க்கிறான் என்று அவன் அப்பாதான் கழற்றினார். 2016இல் பிளஸ் டூ முடித்தவன், "ஒரு வருஷம் பொறும்மா, என்ன படிக்கிறதுன்னு யோசிச்சுக்கிறேன்" என்றான். மாமாவின் அச்சகத்தில் போய் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள்: பெயிலா? காதல் விவகாரமா? புத்தி சரியில்லையா? மறுவருடம் கல்லூரியில் சேர்க்கப் போனால், படிப்பில் ஏன் இடைவெளி என்று நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். பிள்ளை அந்த ஒரு வருடம் திருடப் போகவில்லை என்று நான் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனி, படிப்பில் இடைவெளி இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்று போட்டிருந்தது. அதே சொந்தக்காரர்கள்தான் இந்தப் பெண்ணைப் பார்க்க வந்து, "இந்த வயசுல எவ்வளவு தைரியம், ஒரு வருஷம் உலகத்தைப் பாக்கக் கிளம்பிருச்சு பாருங்க" என்று என் மகன் காதுபட மெச்சினார்கள். அவன் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாளை மாட்ட ஸ்க்ரூ டிரைவரை நீட்டியபோதும் என்னிடம் ஒன்றுதான் சொன்னான். "நான் மூணு வருஷமா கேட்டேன்லம்மா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காகித வேலையை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் (அப்போது அதற்கு 'சி' படிவம் என்று பெயர்) என்பது எங்களுக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஓட்டலுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தோம், வீட்டுக்கும் உண்டு. 2025இல் வெளிநாட்டினருக்கான சட்டத்தையே புதிதாகப் போட்டுவிட்டார்கள், அதிலும் தங்கவைப்பவர் தகவல் கொடுக்கும் கடமை இருக்கிறது. இரண்டாவது, நீங்கள் ஆறு மாதம் என்கிறீர்கள், விசா எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு செய்ய வேண்டும். இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம். சுற்றுலா விசாவில் வந்து மாதக்கணக்கில் பள்ளியில் வேலை பார்ப்பது முடியாது, அதையும் நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்.

சிம் கார்டு அன்றே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள், பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ என்று இழுக்கும். அதுவரை உங்கள் வைஃபையைக் கொடுத்து, இறங்கியதுமே அவள் அம்மாவிடம் பேசவிடுங்கள். இங்கிலாந்துக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஐந்தரை. அவள் அம்மா அங்கே வேலை முடிந்து கூப்பிடும்போது நமக்குப் படுக்கிற நேரமாக இருக்கும். பேசும்போது ஹாலில் டிவி சத்தத்தைக் குறையுங்கள், பக்கத்தில் போய் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், கையாட்டினேன்.

ஏசி பற்றி: எங்கள் பிள்ளை அதை ஒரு நாள்கூடப் போடவில்லை. மின்விசிறி போதும் என்றாள். உங்களுடையவள் எப்படியோ.

2020 மார்ச்சில் கொரோனா வந்து, உலகம் முழுக்க இருந்த அந்தத் திட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. இவளும் இரண்டே நாளில் மூட்டை கட்டினாள். மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலை. அந்த அறையில் மாமியார்தான் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். மோர் கொண்டுபோய்க் கதவைத் தட்டினால், "அங்கிட்டு வச்சிட்டுப் போ" என்கிறார்.